சாலிக்காரரின் காரணங்கள்

மட்டக்களப்பில் ஐம்பது வயதை எட்டிய ஒருவர் பழைய ஹொண்டா சாலி ஒன்றை வாங்கிவந்தால், வண்டி முற்றத்துக்குள் நுழையும் முன்பே காரணங்கள் நுழைந்துவிடும். ஊர் முழுக்கச் சமதரை, ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது, ஐம்பது சீசீ எஞ்சின் தாராளம். புளியந்தீவிலிருந்து கல்லடிக்கும், அங்கிருந்து காத்தான்குடிக்கும், மிஞ்சிப்போனால் ஆரையம்பதிக்கும் போய்வர பெரிய மோட்டார் சைக்கிள் எதற்கு? கிளச் பிடிக்கத் தேவையில்லை, காலால் கியரைத் தட்டினால் போதும். சாரத்தோடு ஏறலாம். பெற்றோலும் அதிகம் குடிக்காது. இவ்வளவும் உண்மை. அவரோடு வாதாடுவதில் உள்ள கஷ்டமே அதுதான். சொல்லும் காரணம் எல்லாம் உண்மை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அவர் வண்டி வாங்கிய காரணம் அல்ல.

சிக்கனம்தான் நோக்கம் என்றால் அதே கம்பனியின் கப் வண்டி இருக்கிறது. 1958இல் தொடங்கி 2017க்குள் உலகமெங்கும் பத்துக் கோடி விற்ற வண்டி அது. பெரிய சில்லு, குழிக்கு அஞ்சாது, சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். சாலி 1972இல் ஜப்பானில் வீட்டுப் பாவனைக்கென்று வந்தது. சில்லு பத்து அங்குலம். நம்முடைய உள்வீதிக் குழி ஒன்றுக்குள் அது இறங்கினால், ஏறி வருமா என்று பின்னால் வருபவர்கள் நின்று பார்ப்பார்கள். வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவர் அதில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஹாண்டிலை எட்டிப் பார்க்கும். ஆனால் கப் வண்டியில் போகும் ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாலியில் போனால் சந்திக்குச் சந்தி யாராவது நிறுத்துவார்கள். “மனே, இது எந்த வருசத்து வண்டி?” என்று முதியவர் கேட்பார். “அண்ணன், விக்கிற யோசின இருக்கா?” என்று இளந்தாரி கேட்பான். இந்த இரண்டு கேள்விக்காகவும் வாங்கப்பட்ட வண்டி அது.

இதற்கு அவர் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும்: வேடிக்கை காட்டத்தான் வாங்கினேன் என்றால், எதற்காக ஞாயிறு முழுக்க அதோடு மாரடிக்கிறேன்? நியாயமான கேள்வி. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம், இடையில் உவர்க்காற்று. தகட்டை அழுத்திச் செய்த சாலியின் உடம்புக்கு இதைவிடக் கெட்ட ஊர் அமையாது. கறல் உள்ளிருந்து தின்னத் தொடங்கும். வெளியே பெயின்ட் பொருமும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஆகவே ஞாயிறு காலை வேப்பமரத்தடியில் உரச்சாக்கு விரிக்கப்படும். டின்பால் பேணி ஒன்றுக்குள் கொஞ்சம் பெற்றோல், அதற்குள் கழற்றிய காபரேட்டரின் பித்தளை ஜெட். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் ஓட்டையைப் பார்த்து, ஊதி, மறுபடி பார்ப்பார். “ஏங்க, மீன் வாங்கப் போகல்லியா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். “பத்து நிமிசம் புள்ள, பூட்டினாச் சரி.” பத்து மணிக்கு ஒரு வாசர் குறையும். அதை வாங்கச் சைக்கிளில் போவார். மீனும் அந்தச் சைக்கிளில்தான் வந்து சேரும். மாரடிப்பு என்று அவர் முறையிடுவது இதைத்தான். ஆனால் மூன்று மாதம் பழுதே வராமல் ஓடிவிட்டால், வண்டியில் ஏதோ சத்தம் மாறியிருக்கிறது என்று தானாகவே கழற்றத் தொடங்குகிறவரும் இவர்தான். அவருடைய இன்பம் ஓடுவதில் பாதி, நிற்பதில் பாதி.

கொஞ்சம் கனமான மறுப்பு ஒன்றும் உண்டு. பழைய வண்டியைக் காப்பாற்றும் பழக்கம் நமக்கு ஆசையால் வந்ததல்ல, தட்டுப்பாட்டால் வந்தது என்பார்கள். பொய்யில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. 2022இல் நாடு முழுக்க எரிபொருள் வரிசையில் நின்றது. கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். 2020இல் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்குத் திறக்க 2025 ஆயிற்று. அதுவரை பழசின் விலை ஏறிக்கொண்டே போனது. சாலிக்காரர் இவற்றைத் தேதியோடு மனப்பாடமாக வைத்திருப்பார். ஆனால் உண்மையிலேயே தட்டுப்பாட்டால் பழைய வண்டி ஓட்டுகிறவரைப் பாருங்கள். படுவான்கரையிலிருந்து நெல்மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரும் விவசாயி தன் பழைய வண்டியை எப்போது தள்ளிவிடலாம், லீசிங்கில் புதுசு எப்போது எடுக்கலாம் என்றுதான் கணக்குப் போடுகிறார். அவருக்கு வண்டியின் வருசம் நினைவில்லை, மறக்க விரும்புகிறார். தேவை உள்ளவர் புதுசைத் தேடுகிறார், தேவை இல்லாதவர் பழசைத் தேடுகிறார். விலை ஏறியதால் இலாபம் என்ற பேச்சும் இப்படித்தான்: விற்றவருக்குத்தானே இலாபம்? இவர் விற்றதை யார் கண்டது?

நோய் நம்முடையது மட்டுமல்ல. கனடாவில் 1959இல் பொம்பார்டியர் என்பவர் ஸ்கி-டூ என்ற பனிவண்டியைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து வண்டிகளைக் களஞ்சியங்களில் தேடிப்பிடித்து வாங்கி, பெயின்ட் அடித்து, பனி விழக் காத்திருக்கும் கூட்டம் அங்கே இருக்கிறது. வருசத்தில் பாதிக்கு மேல் அந்த வண்டி படுத்துக் கிடக்கும். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் மருமகன் சாலியைப் பார்த்துச் சிரித்தால், நம்மவர் இதைச் சொல்லி அவன் வாயை அடைக்கலாம்: எங்கள் வண்டிக்குப் பனி தேவையில்லை, மாரிமழை விட்டால் போதும்.

இதெல்லாம் வெறும் பெருமைதானே என்று கேட்டால், பெருமைதான், ஆனால் மலிவான பெருமை. கல்லடியில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பாரம் முழுக்கப் புதியது சுமக்கிறது. படம் முழுக்கப் பழையதோடு எடுக்கிறார்கள். ஊரே செய்வதைத்தான் சாலிக்காரர் தன் கைக்காசில், வீட்டு முற்றத்தில் செய்கிறார். கூடவே, வயதான ஒரு மெக்கானிக்குக்கு வேலையும், நாலு பேருக்கு வீதியோரப் பேச்சும் கிடைக்கின்றன. கடன் வாங்காமல் செய்கிறவரை இதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கிச் செய்தால் அது வேறு கதை. அந்தக் கதையை அவர் மனைவி சொல்லுவார்.

நீங்களும் ஒன்று வாங்க நினைத்தால், பெயின்டைப் பார்த்து மயங்காமல் முதலில் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள்; சேசிஸ் நம்பரைக் கறல் சுரண்டி, விரலால் தடவி, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கியவரை வழியில் கண்டால் வருசம் கேளுங்கள், மைலேஜ் கேளுங்கள், ஒறிஜினல் மட்காட்டா என்றும் கேளுங்கள். மனைவி பின்னால் உட்கார்ந்திருக்கும்போது விலை மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் இரண்டு பதில் இருக்கிறது.