காய்ந்த பூவுக்குக் காவல்

எங்கள் வீட்டில் பூ காய்ந்தால் ஒன்று ரசத்துக்குப் போகும், இல்லாவிட்டால் தலைக்குப் போகும். சித்திரையில் முறத்தில் காய்கிற வேப்பம்பூ வருஷம் முழுக்க நெய்யில் பொரியும். ஆவாரம்பூவும் ரோஜா இதழும் செம்பருத்தியும் பூலாங்கிழங்கோடு கூட்டுச் சேர்ந்து சீயக்காய் அரைக்க மில்லுக்குப் போகும். இப்படிப் பரம்பரையாகப் பூவிடம் வேலை வாங்கிப் பழகிய குடும்பத்தில் வாக்கப்பட்டு வந்த நான், தோட்டத்துப் பூவைக் காயவைத்து வளையமாகக் கட்டி வாசல் கதவில் தொங்கவிடப் போவதாகச் சொன்னேன். அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தொங்கவிட்டு?”

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது தூத்துக்குடி. காயவைப்பதில் இந்த ஊரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கடல் தண்ணீரைப் பாத்தி கட்டிக் காயவைத்து உப்பாக்குகிறோம். மீனைக் காயவைத்துக் கருவாடாக்குகிறோம். அலங்காரத்துக்கான உலர்பூ ஏற்றுமதியிலும் தூத்துக்குடிக்குத் தனிப் பேர் உண்டு. தாமரைக்காய், பனையோலை, தேங்காய்ச் சிரட்டை என்று கண்டதையும் காயவைத்து, சாயமேற்றி, வாசனை சேர்த்து, பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேற்றுகிறார்கள். இதை ஆதாரமாக எடுத்து வைத்தேன்.

“இந்தக் குப்பைய ரூவா குடுத்தா வாங்குதானுவ? பாவம்” என்றார் அத்தை. அவர் இரக்கப்பட்டது ஐரோப்பாவை நினைத்து.

பூவைக் காயவைக்கும் முறை எளிமையானதுதான். காம்போடு வெட்டி, இலைகளை உருவிவிட்டு, நாலைந்தாகச் சேர்த்துக் கட்டி, காற்றோட்டமுள்ள இருட்டான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் பூவின் கனத்தில் காம்பு வளைந்து, வளைந்தபடியே விறைத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் சருகாகிவிடும். வெயில் ஆகவே ஆகாது, நிறத்தை உறிஞ்சிவிடும். இந்தக் கடைசி விதிதான் வீட்டில் கலகத்தை உண்டாக்கியது. வத்தல், வடகம், அப்பளம், புளி, மிளகாய் எல்லாம் மொட்டை மாடியில் வெயில் காய்கிற ஊரில், ஒருத்தி அரங்குவீட்டு இருட்டுக்குள் கயிறு கட்டிப் பூவைத் தொங்கவிட்டால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

“ஏளா, வெயிலு என்ன உன்கிட்ட காசா கேக்கு?” என்று கேட்டுவிட்டு, நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அத்தை மொத்தத்தையும் மாடிக்கு ஏற்றிவிட்டார். நல்லெண்ணம்தான். ரத்தச் சிவப்பாக இருந்த கோழிக்கொண்டை, வெளுத்த காவி நிறத்தில் இறங்கி வந்தது.

எல்லாப் பூவும் இந்த வித்தைக்கு மசியாது. மல்லிகை ஒரே ராத்திரியில் பழுப்பாகிவிடும். வாடாமல்லி அப்படியல்ல. அதில் பூ என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் ஈரப்பசை குறைந்த செதில்கள்தான். செடியில் இருக்கும்போதே பாதி காய்ந்த நிலை, அதனால் நிறம் அப்படியே நிற்கும். காகிதப்பூவிலும் அந்த ரோஸ் நிறமெல்லாம் பூவினுடையது அல்ல, சுற்றியிருக்கும் இலைகளுடையது. நிஜப் பூ நடுவில் வெள்ளையாகத் துளியூண்டு இருக்கும். ரோஜாவை முழுசாகக் காயவைக்க வேண்டுமென்றால் சிலிகா ஜெல் மணிகளுக்குள் புதைத்து, டப்பாவை இறுக மூடி ஒரு வாரம் வைக்கலாம். அதையும் வைத்தேன். வெள்ளிக்கிழமை பாயசத்துக்கு ஜவ்வரிசி தேடிய அத்தை அந்த டப்பாவைத் திறந்துவிட்டார். நல்லவேளை, உள்ளே ரோஜா இருந்தது. ஜவ்வரிசியில் எதற்கு ரோஜா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டதால் குடும்பம் தப்பியது.

இதற்கிடையே ஆவாரம்பூக் கொத்து ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. திருடிய விதத்தில் ஒரு நேர்த்தி இருந்தது. முடிச்சை அவிழ்க்கவில்லை, கயிற்றை அறுக்கவில்லை. பூவை மட்டும் உருவிக்கொண்டு, காம்புகளை வரிசை குலையாமல் தொங்கவிட்டிருந்தார்கள். விசாரித்ததில் மாமா தினமும் காலையில் அதைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார் என்று தெரிந்தது. “சக்கரைக்கு நல்லதும்மா. நீயே பக்குவமா காயவச்சுத் தார” என்று என்னைப் பாராட்டினார். அவருக்காகத்தான் காயவைக்கிறேன் என்று நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டேன்: “அழகுக்குன்னு ஒரு பூவக் காயவச்சா என்ன அத்தே தப்பு?”

“பூ காயவைக்க நீ எனக்குச் சொல்லித் தாரியோ?” என்று ஆரம்பித்தார். மார்கழி முழுக்க விடியக்காலையில் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையாரில் பூசணிப்பூ சொருகி, பிறகு பூவோடு சேர்த்து எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்களாம். தை மாதம் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து, பொங்கலோடு அந்த எருவையும் ஆற்றில் விடுவார்களாம். நெல்லைப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு அது தனித் திருவிழா.

நான் விடவில்லை. “ஒரு மாசம் காயவச்சு ஆத்துல விடுறதுக்கு, கதவுல தொங்கவிடுறது தேவலயே?”

“அது பொங்கலுல்லா” என்றார். அதற்கு மேல் வாதம் எங்கே?

பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்துமஸுக்கு ஒரு வளையம் கேட்டிருந்தார். ஐரோப்பாக்காரர்களுக்குச் சௌகரியம், பனிக்காலத்தில் கணப்பு போட்டு வீட்டைக் காயவைத்துக்கொள்வார்கள். நமக்கோ வருஷத்து மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. தீப்பெட்டியே நமுத்துப்போகிற நாளில் பூ எங்கே காயும்? பங்குனி வெக்கையில் காயவைத்து எஞ்சிய வாடாமல்லியைக் கொண்டு, முல்லைக்கொடியை முறுக்கி வட்டமாக்கி, ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினேன். அக்கா வீட்டில் ஸ்டார் விளக்கின் கீழே அது ஜோராக இருந்தது. எங்கள் கதவில் தொங்கியதைப் பார்த்துப் பால்காரர் குரலைத் தாழ்த்தி, “பெரியவருக்கா?” என்று கேட்டார். பெரியவர் உள்ளே ஆவாரம்பூத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வாரம் தவணைக்கு மிக்ஸி விற்பவர், நன்கொடை ரசீதுக்காரர் எவரும் மணியடிக்கவில்லை. “இதுக்கு இது ஆவும்போல” என்று அத்தை முதல்முறையாக வளையத்தை நிமிர்ந்து பார்த்தார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடிக்க, குளிக்க, கரைக்க உதவும் எந்தப் பூவும் உங்களுக்கு மிஞ்சாது. மழைக்கு முன்பே காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, மூடியில் கொட்டை எழுத்தில் ‘எலி மருந்து’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.