இடது மரை

என் வீட்டில் மரம் அறுக்கிற மிஷின் ஏழு இருக்கிறது. மரம் ஒன்று. அதுவும் முருங்கை.

இதைக் கேட்டவர்கள் என்னை ஒரு நிமிடம் பார்ப்பார்கள். "மர வியாபாரமுங்களா?" இல்லை. "வாடகைக்கு உடறீங்களா?" இல்லை. "அப்ப அறுக்கறதுக்குப் போறீங்களா?" முப்பத்து நான்கு வருடம் வங்கிக் கவுண்டரில் நோட்டு எண்ணிய கை இது, வாழைத்தண்டு அறுத்தாலே நார் வைத்துவிடும். "சும்மா ரிப்பேர் பண்ணி வெச்சுக்குவேனுங்க" என்பேன். பேச்சு உடனே சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்கிற பக்கம் திரும்பிவிடும்.

முதல் மிஷின் வந்தது நான் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம். கிணற்று மோட்டாருக்கு ஒரு ஃபுட்வால்வு தேடி உக்கடம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். குவியலுக்கு அடியில், எண்ணெயும் மரத்தூளும் அப்பிக் காய்ந்து, தீபாவளி முடிந்தும் கழுவாமல் போட்ட அதிரசச் சட்டி மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது.

"வால்பாறை எஸ்டேட்ல இருந்து வந்த கட்டிங் மிஷினுங்ணா. ஜெர்மன்காரன் செஞ்சது. சீஸ் ஆயிருச்சு" என்றார் பாய்.

தூக்கிப் பார்த்தேன். அங்கேதான் பிசகினேன். பத்துக் கிலோவுக்கு மேல் இருந்த அந்தப் பொருளை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபோது, பேரக் குழந்தையைத் தூக்கிய மாதிரி இருந்தது என்று சொன்னால் மகள் கோபித்துக்கொள்வாள். அதனால் சொல்லவில்லை.

"அலுமினிய விலையே போட்டுக்குங்கண்ணா" என்றார் பாய். வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுத்திருக்கலாம். "பாய், இது அலுமினியம் இல்ல. மெக்னீசியம் கலந்தது. எடை கம்மியா இருக்கோணும்னு இதுலதான் வார்ப்பாங்க" என்று என் ஞானத்தை அவிழ்த்துவிட்டேன். "அப்படிங்களா? தெரியாமப் போச்சுங்ணா" என்று கிலோவுக்கு முப்பது ரூபாய் ஏற்றிவிட்டார். கவுண்டரில் ஒரு ரூபாய் கூடக் குறைய விட்டதில்லை நான்.

எந்த மாடல் என்று தேடிப் பார்த்ததில் எஞ்சின் 106 சிசி என்று தெரிந்தது. இந்த எண் எனக்கு என்ன செய்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால், எண்பதுகளின் கடைசியில் கோயமுத்தூரில் இளைஞனாக இருந்திருக்க வேண்டும். ஊர் முழுக்க ஆர்எக்ஸ் 100. அதன் எஞ்சின் 98 சிசி. எத்தனையோ பேருடைய வண்டிக் கடனுக்கு நான் வவுச்சர் எழுதியிருக்கிறேன். அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் ஒரு உதை உதைத்துப் புகையைக் கிளப்பிக்கொண்டு போவார்கள். நான் சைக்கிளில் வீட்டுக்குப் போவேன். இப்போது என் மடியில் அதைவிட எட்டு சிசி அதிகம்.

வீட்டுக்காரம்மா அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயிரக்கணக்கில் குழந்தைகளைக் கையில் வாங்கியவள். திண்ணையில் நான் இறக்கி வைத்ததை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"கொண்டுட்டு வரும்போதே போயிருச்சா, இல்ல இங்க வந்து போச்சா?"

"ரெண்டு நாள்ல ஓட்டிக் காட்டறேன் பாரு" என்றேன்.

எட்டு மாதம் ஆயிற்று.

அந்த எட்டு மாதத்தில் முதல் இரண்டு நாட்களை ஒரே ஒரு பாகம் தின்றது: கிளட்ச். சிலிண்டரைக் கழற்ற முதலில் அது வர வேண்டும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். ஸ்பானர் போட்டேன், அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊற வைத்தேன். மறுநாள் ஸ்பானர் கைப்பிடியில் ஒரு தண்ணீர்க் குழாயைச் சொருகி நீட்டி, அதன் மேல் என் முழு எடையையும் போட்டேன். குழாய் வளைந்தது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் பண்ணினேன். அவர் இன்னும் நீளமான குழாயுடன் வந்தார். இருவரும் சேர்ந்து தொங்கினோம்.

கடைசியில் காந்திபார்க் பக்கத்து ஆர்எக்ஸ் மெக்கானிக் தம்பியைக் கூட்டி வந்தேன். அவன் ஸ்பானரைத் தொடவேயில்லை. கட்டைவிரலால் கிளட்ச் மேல் இருந்த அழுக்கைத் துடைத்தான். அடியில் ஓர் அம்புக்குறி. நாங்கள் தொங்கிய திசைக்கு நேர் எதிராக.

"லெஃப்ட் மரைங்ணா. எஞ்சின் சுத்தற வேகத்துல கழண்டுக்கக் கூடாதுன்னு திருப்பி வெட்டியிருப்பாங்க. நீங்க ரெண்டு நாளா இறுக்கிட்டு இருந்திருக்கீங்க."

பிறகு பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் கொஞ்சம் நைலான் கயிற்றைத் திணித்தான். இறுகிய பிஸ்டன் விட்டுக்கொடுத்தாலும் கயிற்றில் முட்டி நிற்கும்; எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. கழன்று வந்துவிட்டது. "மெஷின்ல மரை திரும்பி இருக்குது. மனுசனுக்குத்தான் கழண்டிருக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மச்சான் சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவரும் குழாயில் தொங்கியவர்தான்.

சிலிண்டரைத் திறந்தால், பிஸ்டன் உரசியதில் உருகிய அலுமினியம் சுவரில் ஈயம் பூசிய மாதிரி ஒட்டியிருந்தது. ஆயில் போதாத பெட்ரோலைக் குடித்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் சாவு இப்படித்தான் வரும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு அந்த ஒட்டலில் மட்டும் வைத்தால், அலுமினியத்தை அது நுரைத்துத் தின்னும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் சிலிண்டரையே தின்னும். என் கை நடுங்குவதை ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்தவள், "அக்கட்டால நகருங்க" என்று கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பஞ்சை உருட்டின நேர்த்தியே தனி. புண் கழுவுகிற மாதிரி உள்ளிருந்து வெளியே, ஒரு தடவை துடைத்த பஞ்சை மறுபடி தொடாமல். "இதுக்கு டிடி போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ரீகாயில் ஸ்பிரிங்கைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஸ்டார்ட்டர் கயிற்றைத் திரும்பச் சுருட்டுவதற்காக டப்பாவுக்குள் சாரைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும் பட்டை அது. மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். நான் மெதுவாகத்தான் திறந்தேன். அது மெதுவாக வரவில்லை. மருதமலை முருகன் காலண்டரில் வேலின் நுனி மட்டும் கிழிந்தது, எனக்கு ஒன்றுமில்லை. வடவள்ளியில் குடியிருப்பவனை அவன் காப்பாற்றாமல் யார் காப்பாற்றுவது?

கார்பரேட்டர்தான் என்னை அடிமையாக்கியது. வண்டிக் கார்பரேட்டரில் ஒரு சின்னத் தொட்டி, அதில் ஒரு மிதவை. வண்டியைச் சாய்த்துப் போட்டால் அதன் கணக்கு கெட்டுவிடும். மரம் அறுக்கிறவன் மிஷினைப் பக்கவாட்டில் பிடிப்பான், கவிழ்த்துப் பிடிப்பான். அதனால் இதில் மிதவையே கிடையாது. மெல்லிய சவ்வு இரண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் அறையில் காற்றழுத்தம் கூடிக் குறையும். அந்தத் துடிப்பு ஒரு பொடித் துளை வழியாக வந்து சவ்வை அசைக்கும். சவ்வு பெட்ரோலை உறிஞ்சும். மிஷினைத் தலைகீழாகப் பிடித்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும்.

"அதாவது இதுக்குப் பல்ஸ் இருக்குதுங்கறீங்க" என்றாள்.

அவள் ஆர்வமாகக் கேட்ட முதல் கேள்வி. உற்சாகத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். "செயின் ரம்பமே முதன்முதல்ல உங்க டிபார்ட்மென்ட்டுக்குத்தான் தெரியுமா? 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஸ்காட்லாந்துல ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரேன்னு ரெண்டு டாக்டருங்க. குழந்தை வராம சிக்கிக்கிட்டா இடுப்பெலும்பு இணைப்பை அறுக்கறதுக்கு ஒருத்தர், சீக்கு வந்த எலும்பை அறுக்கறதுக்கு இன்னொருத்தர். பல்லு வெச்ச சங்கிலி, ரெண்டு பக்கமும் கைப்பிடி..."

அன்று இரவு எனக்குத் தோசை வரவில்லை. உப்புமா வந்தது.

அதன் பிறகு சரித்திரத்தை அவள் பசியாறிய நேரமாகப் பார்த்துச் சொல்கிறேன். ஜோசப் காக்ஸ் கதை அவளுக்குப் பிடித்தது. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்துச் செயின்களுக்குக் கைரம்பம் மாதிரிப் பல். நேரத்தில் பாதி அரம் போடுவதிலேயே போகும். ஒருநாள் ஒரு கட்டைக்குள் வண்டுப் புழு ஒன்று, நாரோட்டம் எந்தப் பக்கமென்று கவலையே படாமல் மரத்தைச் சவைத்துக்கொண்டு போவதைக் கண்டார். உற்றுப் பார்த்தால், தாடை இடமும் வலமுமாகச் செதுக்குகிறது. அதே வடிவத்தில் இரும்பில் பல் செய்து, வீட்டு அடித்தளத்தில் கம்பெனி தொடங்கினார். இன்றைக்கு ஓடுகிற செயின்களில் பெரும்பாலானவை அந்தப் புழுவின் வாரிசுகள்தான். "முன்னாடி இருந்த நம்ம தென்னையில வண்டு உழுந்தப்போ நீங்க மருந்து தேடிட்டு ஓடுனீங்க. கொஞ்சம் உத்துப் பாத்திருக்கலாம்" என்றாள்.

ராபர்ட் மெக்கல்லக் கதையைத்தான் சொல்லியிருக்கக் கூடாது. செயின் ரம்பம் விற்றுப் பேர் வாங்கிய கோடீஸ்வரர். 1968இல் லண்டன் பாலத்தை, ஆமாம், தேம்ஸ் நதி மேல் நின்றிருந்த அசல் பாலத்தை, 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கிக் கல்கல்லாகப் பிரித்து, கல்லுக்குக் கல் நம்பர் போட்டுக் கப்பலேற்றி, அரிசோனா பாலைவனத்தில் தான் உருவாக்கிய லேக் ஹவாசு நகரில் 1971இல் நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் நான் பாய் கடைக்குக் கிளம்பும்போது, "வரும்போது அந்த உக்கடம் மேம்பாலத்தையும் வெலை கேட்டுட்டு வாங்க" என்கிறாள்.

பெட்ரோல் இன்னொரு அவஸ்தை. இப்போது பங்கில் வருவதில் நூற்றுக்கு இருபது எத்தனால். பழைய ரப்பர் சவ்வுக்கும் டியூபுக்கும் அது ஆகாது. காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, கார்பரேட்டரில் மிச்சமிருப்பதும் தீர்கிறவரை ஓட விட வேண்டும். புதுப் பெட்ரோல் டியூபை டேங்கின் பொடி ஓட்டை வழியாக இழுப்பதற்கு நான் ஒரு மாலை முழுக்கக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். அவள் அலமாரியிலிருந்து தன் பழைய ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைக் கொண்டு வந்து, உள்ளே விட்டு, நுனியைக் கவ்வி இழுத்துக் கொடுத்துவிட்டுச் சீரியலுக்குப் போய்விட்டாள். விளம்பரம்கூட முடிந்திருக்காது. ஃபோர்செப்ஸ் இன்றுவரை என் டூல் பெட்டியில்தான் இருக்கிறது. என் பங்காக, இக்னிஷன் பாயிண்ட்டுக்கு எமரி தேய்த்து, கடைசித் துடைப்புக்குப் புத்தம் புதுப் பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் விட்டு இழுத்தேன். காசாளன் புத்தி. நோட்டு செல்லும்.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கயிற்றை இழுத்தேன். இவ்வளவு பெரிய எஞ்சின் சரியாகப் பிடிக்காவிட்டால் கயிற்றை அது திருப்பி இழுக்கும். விரல் நான்கும் தோள்வரை வந்துபோன உணர்வு. பதினொன்றாம் இழுப்பில் ஒரு இருமல். பன்னிரண்டில் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை எழுத வராது. புகை மட்டும் சொல்கிறேன்: டூடி ஆயில் வாடை, நீலமாக, திண்ணையைத் தாண்டித் தெருவுக்கு. வங்கி வாசல். ஐந்து மணி. எனக்கு இருபத்தைந்து வயது. எதிர்வீட்டு ரிடையர்ட் தாசில்தார் கொசுமருந்து வண்டி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

மற்ற ஆறும் எப்படி வந்தன என்று கேட்காதீர்கள். ஒன்றுக்கு உதிரிபாகம் வேண்டும் என்று இன்னொன்றை வாங்குவேன், வாங்கியது பிழைத்துக்கொள்ளும், இப்போது இரண்டுக்கும் உதிரிபாகம் வேண்டும்.

ஆனால் ஒன்றைக்கூட நான் மரத்தில் வைத்ததில்லை. போன ஐப்பசி மழையில் தெருவில் ஒரு புங்கமரக் கிளை விழுந்தது. எல்லாரும் என் வீட்டைத்தான் பார்த்தார்கள். மிஷினைக் கொண்டுபோனேன், ஸ்டார்ட்டும் ஆனது. ஆனால் பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடித்த, செயின் ஓடும் பாரை அந்தச் சேற்றுக் கிளையில் எப்படி வைப்பது? "இது ஈரமா இருக்குதுங்க, காயட்டும்" என்றேன். கீரைக்காரம்மா அரிவாளோடு வந்து நான்கே வெட்டில் முடித்துவிட்டுப் போனாள்.

அந்த மானக்கேட்டைத் தீர்க்கத்தான் இந்த வருட ஆயுதபூஜையில் அந்த யோசனை தோன்றியது. ஏழு மிஷினையும் வரிசையாக வைத்து விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். ஃபோர்செப்ஸுக்கும் ஒரு பொட்டு. பொரி, கடலை, சூடம். கடைசியில் வாசலில் திருஷ்டிப் பூசணி உடைக்க வேண்டும். உடைப்பானேன்? முக்காலியில் பூசணியை வைத்து, கண்ணாடி மாட்டி, ஜெர்மன்காரியைக் கிளப்பினேன். இரண்டாம் இழுப்பு!

இங்கே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. பாரின் அடிப்பக்கத்தில் செயின் அறுப்பவனை நோக்கித்தான் ஓடும். தூள் அவன் மேல்தான் வரும். இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். பூசணிக்குள் ஒரு பொட்டலம் குங்குமத்தை நானேதான் கொட்டியிருந்தேன்.

பூசணி இரண்டாகவில்லை. அது இல்லாமல் போயிற்று. நெற்றி முதல் முழங்கால்வரை சிவப்பாக, கையில் உறுமும் ரம்பத்துடன் நான் நின்றேன். தாசில்தார் கேட்டைத் திறந்தார், பார்த்தார், கேட்டைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது, இரண்டு தடவை. வீட்டுக்காரம்மா சூடத்தட்டோடு வாசலுக்கு வந்தாள். என் கன்னத்தில் ஒரு விரலால் தொட்டு, மோந்து பார்த்தாள்.

"குங்குமம்" என்று அறிவித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அணைத்துவிட்டுச் செயினைப் பார்த்தேன். குங்குமத்தோடு பூசணிக்குள் போட்ட ஒரு ரூபாய்க் காசை நான் மறந்தே போயிருந்தேன். முப்பத்திரண்டு பல்லில் ஆறு மழுங்கியிருந்தது. ஆறை மட்டும் தீட்ட முடியாது. எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் அறுப்பு கோணலாகப் போகும். முப்பத்திரண்டையும் தீட்ட வேண்டும். இடப்பக்கப் பல்லுக்கு ஒரு சாய்வு, வலப்பக்கத்துக்கு ஒரு சாய்வு, பல்லுக்கு மூன்று இழுப்பு. குறைந்தது ஒரு வாரத்து வேலை.

குளிக்கக்கூடப் போகாமல் அரத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.