கொலுவில் சுண்டல்தான் போணியாகும்

கைவினைக் கண்காட்சியில் இடம் கிடைத்ததும் நம்மவர்கள் கடை போடுவதில்லை, கொலு வைக்கிறார்கள். மேசைமேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் படி கட்டி, வெள்ளை வேட்டியை விரித்து, பெரியது மேலே, சின்னது கீழே என்று நிறுத்தி, சுற்றிலும் சீரியல் பல்பு தொங்கவிட்டு, நடுவில் ஒரு பிள்ளையாரையும் உட்காரவைத்துவிட்டால் அலங்காரம் முடிந்தது. சணல் பைகளின் கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். டெரகோட்டா ஜிமிக்கிகளுக்கு இடையே அளந்து வைத்ததுபோல் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். வயர் கூடைகள் பாலிதீன் உறையைக் கழற்றாமலே கொலுவிருக்கும். வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள், "ரொம்ப நல்லா இருக்குங்க" என்பார்கள், செல்போனில் ஒரு படம் எடுப்பார்கள், அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் ஸ்டால்காரர் பக்கத்து ஸ்டால்காரரிடம், "கூட்டத்துக்குக் குறைச்சல் இல்ல, போணிதான் ஆகல" என்று அலுத்துக்கொள்வார். ஜனங்கள் கையில் காசில்லை, எல்லாரும் ஆன்லைனில் வாங்குகிறார்கள், மழை, ஐபிஎல் என்று காரணங்களையும் வரிசையாக அடுக்குவார். உண்மையான காரணம் மேசைமேலேயே இருக்கிறது. எட்ட நின்று பார்க்கச் சொல்லும் அலங்காரத்தைச் செய்துவிட்டு, கிட்ட வந்து வாங்கவில்லையே என்று வருத்தப்படுகிறோம். கையை நீள வைக்காத அலங்காரம் கடைக்கு ஆகாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. அதற்கான சாட்சிகள் வடசென்னைத் தண்டையார்பேட்டைச் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கிறார்கள்.

கொலுவைக் குறை சொல்வதாக யாரும் வீட்டுப் பெரியவர்களிடம் போட்டுக்கொடுக்க வேண்டாம். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டி, தசாவதார செட்டை வரிசை பிசகாமல் நிறுத்துவது பெரிய கலைதான். ஆனால் அந்தக் கலையின் நோக்கமே வேறு. கொலுவுக்கு வந்தவர் பொம்மையைத் தொடக் கூடாது, விலை கேட்கக் கூடாது. ஒரு பாட்டுப் பாடி, சுண்டலும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ராமர் பட்டாபிஷேக செட் என்ன விலை, இரண்டாக எடுத்தால் குறைப்பீர்களா என்று ஒருவர் கேட்டால் அவரை அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். கண்காட்சி ஸ்டாலைக் கொலுவாக்கினால் வருகிறவர் இந்த மரியாதையை அப்படியே கடைப்பிடிக்கிறார். பாவம், அவர் மேல் தப்பில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் கொலுவிலேயே ஒரு கடை உண்டு. கீழ்ப்படியில் செட்டியாரும் செட்டிச்சியும் தொந்தியோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் குட்டிக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் குவித்திருக்கும். மேலே இருக்கும் தெய்வங்களுக்கு வரிசை, கீழே இருக்கும் கடைக்குக் குவியல். கொலுவுக்கு வந்த குழந்தையின் கை முதலில் நீள்வதும் அந்த வெல்லத்தை நோக்கித்தான். தரிசனத்துக்கு வைப்பது எது, விற்பனைக்கு வைப்பது எது என்ற பேதம் நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கிறது. படிகளைக் காப்பியடித்த நாம் செட்டியாரை விட்டுவிட்டோம்.

அடுத்த சாட்சி காசிமேடு. தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு மீன் வாங்கும் இடம். காட்சிப்படுத்தல் என்ற துறையைப் பொறுத்தவரை அது பல்கலைக்கழகம். அங்கே பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பெரிய வஞ்சிரம் ஒன்று தனியாகக் கிடக்கும். அதை வாங்க வசதி இருக்கிறதோ இல்லையோ, போகிறவர் நிற்பார். அதன் வேலை நிற்க வைப்பது. அதற்குப் பக்கத்தில் சங்கராவும் நெத்திலியும் கூறு கட்டியிருக்கும். கூறு என்பது சாதாரண ஏற்பாடு அல்ல. எவ்வளவு கிடைக்கும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, கூறு இவ்வளவு என்று விலையும் காதில் விழுகிறது, இந்தக் கூறா அந்தக் கூறா என்று யோசிக்கத் தொடங்கும்போதே வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. அவ்வப்போது தண்ணீர் தெளித்து மீனைப் பளபளப்பாக வைப்பார். யாராவது தயங்கினால் விளக்கம் எல்லாம் சொல்ல மாட்டார். செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டி, "பாத்துக்கினே நின்னா எப்படிமா, தொட்டுப் பாரு" என்பார். அமுக்கிப் பார்த்த விரல் மீனை விட்டு வருவதற்குள் பை திறந்திருக்கும். கடைசியில் கொசுறாக இரண்டு மீன் விழும். இத்தனைக்கும் அந்தப் பலகையில் வெள்ளை வேட்டியும் இல்லை, சீரியல் பல்பும் இல்லை.

மீன் கெட்டுப்போகும் பொருள், அதனால் அவசரமாக விற்கிறார்கள் என்று சொல்வோருக்காக, கெடாத பொருளையும் பார்த்துவிடலாம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நடைபாதையில் நைட்டியும் துப்பட்டாவும் மலையாகக் கிடக்கும். மேலே அட்டையில் "எது எடுத்தாலும்" என்று தொடங்கி ஒரு விலை எழுதியிருக்கும். அந்த மலையைக் கிளறுகிற பெண்களின் முகத்தில் இருக்கும் தீவிரம் சாதாரணமானது அல்ல. அடியில் ஒரு நல்ல டிசைன் ஒளிந்திருக்கிறது, அதைப் பக்கத்தில் நிற்பவள் எடுப்பதற்கு முன் தான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு. கடைக்காரர் அதே துணிகளை மடித்து அடுக்கி வைத்தால் எது நல்லது என்று அவர் சொல்லித் தொலைக்க வேண்டும். குவித்துப் போட்டால் வாங்குபவரே கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்ததை யாரும் திருப்பி வைப்பதில்லை. உள்ளே புடவைக் கடைக்குப் போனாலும் இதே தத்துவம்தான். பாயில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர் ஒவ்வொரு புடவையாக உதறி விரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். மடியில் முந்தானை வந்து விழுந்த பிறகு எழுந்துபோக நம் வீட்டுப் பெண்களுக்கு மனசு வராது. ஆண்களுக்கு வரும், ஆனால் அவர்களை யாரும் கேட்பதில்லை.

இதை வடசென்னையின் முரட்டு வியாபாரம் என்று ஒதுக்க நினைப்பவர்கள் பாரிஸ் வரை போய்வரலாம். அரிஸ்டீட் பூசிக்கோ என்பவர் 1852-இல் லெ பொன் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்தார். எல்லாப் பொருளுக்கும் விலைச்சீட்டு, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து சுற்றலாம், தொட்டுப் பார்க்கலாம் என்பதையெல்லாம் வழக்கமாக்கினார். அந்தக் கடையை மனத்தில் வைத்து எமில் ஸோலா 1883-இல் ஒரு நாவலே எழுதினார். அதில் வரும் முதலாளி மலிவுச் சரக்கை வாசலிலேயே குவித்து வேண்டுமென்றே நெரிசல் உண்டாக்குகிறார். அழகாக ஒழுங்குபடுத்திய பிரிவுகளை விற்பனைக்கு முன்பு கலைத்துப் போடச் சொல்கிறார். எம்.சி. ரோட்டுக்கு வந்து படித்துவிட்டுப் போனவர் மாதிரியே இருக்கும். தொடுவதற்கும் சொந்தம் கொண்டாடுவதற்கும் உள்ள உறவை அமெரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஜோஆன் பெக், சூசேன் ஷூ என்ற இரு ஆய்வாளர்கள் காபிக் கோப்பை, சுருள்கம்பி பொம்மை போன்ற அற்பப் பொருள்களை வைத்து நடத்திய சோதனைகள் 2009-இல் வெளியாயின. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட, அது தன்னுடையது என்ற எண்ணம் கூடுதலாக வந்திருக்கிறது. "தொட்டுப் பாரு" என்ற இரண்டு வார்த்தைக்கு அவர்களிடம் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. காசிமேட்டு அம்மாவிடம் காலிப் பலகை இருக்கிறது.

இனி ஆட்சேபங்கள். முதல் ஆட்சேபம் கௌரவத்தைப் பற்றியது: கைவினைப் பொருள் என்ன நெத்திலியா, கூறு கட்டுவதற்கு? குவித்தால் மதிப்புப் போய்விடாதா? நியாயமான கேள்வி. நாச்சியார்கோவில் குத்துவிளக்கைக் குவிக்க முடியாது, குவித்தால் தூக்குவதற்கு ஆள் வேண்டும். ஆனால் நான் கேட்பது எல்லாவற்றையும் கொட்டச் சொல்லி அல்ல. கைக்கு வேலை கொடுக்கச் சொல்லித்தான். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் கனமாக, வளைவாக இருப்பதால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். அதன் கலையே ஒரு தட்டுத் தட்டினால்தான் தெரியும். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பது நாகஸ்வரத்தை உறையோடு காட்டிக் கச்சேரிக்கு டிக்கெட் விற்பதற்குச் சமம். பட்டமடைப் பாயின் மென்மை சுருட்டிப் பார்க்கிற கைக்குத்தான் தெரியும். நீலகிரித் தோடர் பூவேலையில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று திகைக்கும்படி இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும். திருப்பிப் பார்க்க விடாவிட்டால் தையற்காரியின் திறமையில் பாதி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆக, பொருளின் கௌரவம் உயர உயரத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமும் கூடுகிறது. உயர்ந்த ஒன்றை வஞ்சிரம்போல் தனியாக, கண்மட்டத்தில் வையுங்கள். சின்னச் சாமான்களைக் கூடையில் போட்டு முன்னால் வையுங்கள். இரண்டும் ஒரே பலகையில் சண்டையில்லாமல் இருக்கின்றன என்பதற்குக் காசிமேடே அத்தாட்சி.

இரண்டாவது ஆட்சேபம்: ஆளாளுக்குத் தொட்டால் அழுக்காகும், உடையும், ஒன்றிரண்டு காணாமலும் போகும். போகும்தான். அதற்குத்தான் தொடுவதற்கென்று ஒன்றை ஒதுக்கி வைப்பது. பிரித்த கூடை ஒன்று, விரித்த பை ஒன்று இருந்தால் மிச்சமெல்லாம் உறைக்குள் பத்திரமாக இருக்கலாம். உடைந்துவிடும் என்று பயந்து ஒரு ஜிமிக்கியைக்கூட வெளியே எடுக்காதவர், அத்தனையையும் விற்காமல் திரும்ப மூட்டை கட்டி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, பள்ளம் பார்த்து ஓட்டாத டிரைவர் உடைக்கும் வேலையை முடித்துவைப்பார். மூன்றாவது ஆட்சேபம் விலைச்சீட்டு பற்றியது. விலையை எழுதினால் ஆள் ஓடிவிடுவார், வாயால் சொன்னால் ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லலாம் என்பது வியாபார ரகசியமாகவே சொல்லப்படுகிறது. இதே ஸ்டாலில் பணம் அனுப்பும் கியூஆர் அட்டை மட்டும் நடுநாயகமாக நிற்கும். பணத்தை எங்கே கொடுப்பது என்று தெரிகிறது. எவ்வளவு என்பதுதான் பரம ரகசியம். விலை தெரியாத பொருளைக் கேட்பதில் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கேட்டுவிட்டு வாங்காமல் போனால் நம்மிடம் காசில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற அந்தச் சங்கடத்தில், கேட்காமலே போய்விடுவது அவர்களுக்குச் சுலபம். பேரம் போய்விடும் என்ற கவலையும் வேண்டாம். தமிழ்நாட்டில் எழுதிய விலையைப் பேச்சின் தொடக்கமாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

படித்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று பாக்கி. குறைவாக வைத்தால்தான் விற்கும், நிறைய வைத்தால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்பார்கள். இதற்கு ஆதாரமாக ஒரு ஜாம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அது. கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேரும், 6 வகை வைத்தபோது சுமார் 30 சதவீதம் பேரும் வாங்கினார்கள். உலகம் முழுக்க வியாபாரப் பயிற்சி வகுப்புகளில் இந்த ஜாமைத்தான் தடவுகிறார்கள். ஆனால் இதே மாதிரியான 50 சோதனைகளைச் சேர்த்து 2010-இல் வேறு சிலர் கணக்குப் பார்த்தபோது, சராசரி விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று வந்தது. எண்ணிக்கை குழப்புவதில்லை, எதை எப்படித் தேடுவது என்று தெரியாததுதான் குழப்புகிறது. பத்துப் பைகளைப் பத்து விதமாகத் தொங்கவிட்டால் தலை சுற்றும். ஐம்பது பைகளை நிறம் பிரித்து மூன்று கூடையில் போட்டு, கூடைக்கு ஒரு விலை எழுதினால் சுற்றாது. கூறு கட்டுவது என்றால் வேறென்ன?

அலங்காரம் என்று நாம் நினைக்காத ஓர் அலங்காரமும் உண்டு: மேசையும் நாற்காலியும். ஸ்டாலின் வாயை அடைத்துக் குறுக்கே மேசை, அதன் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் செல்போன் பார்க்கும் ஸ்டால்காரர். உள்ளே வர வழியில்லாததால் வாங்க வருகிறவர் நடைபாதையிலேயே நிற்க வேண்டும். பின்னால் போகிற கூட்டம் அவரை இடித்துக்கொண்டே போகும். பேக்கோ அண்டர்ஹில் என்ற அமெரிக்கர் 1999-இல் எழுதிய புத்தகத்தில், நியூயார்க் கடையொன்றின் வாசலருகே டை தொங்கவிட்ட ஸ்டாண்டைப் பற்றிச் சொல்கிறார். டை பார்க்க நின்றவர்கள் பின்னாலிருந்து ஒன்றிரண்டு இடி வாங்கியதும் போதும்டா சாமி என்று போய்விட்டார்கள். ஸ்டாண்டைத் தள்ளிவைத்ததும் விற்பனை ஏறிவிட்டது. மேசையைப் பக்கச் சுவரோடு திருப்பிப் போட்டு நாலு அடி உள்ளே வர இடம் விட்டால் போதும். செலவு ஒரு பைசா கிடையாது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டிவரும் என்பதுதான் இதில் உள்ள ஒரே கஷ்டம். எழுந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் அங்கேயே ஒரு கூடையைப் பின்னிக்கொண்டு நிற்கலாம். பின்னுகிற விரலைப் பார்த்தவர் விலையைப் பற்றி வாய் திறக்க யோசிப்பார்.

நல்ல சரக்கு தானாக விற்கும், இந்த வித்தையெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஒரே பதில்: அன்று விடியற்காலை படகிலிருந்து இறங்கிய மீனுக்கும் அந்த அம்மா தண்ணீர் தெளிக்கத்தான் செய்கிறார். இந்த வித்தை கண்காட்சிகளில் கடை போடும் மகளிர் குழுக்களுக்கும் எட்ட வேண்டும். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. 1989-இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. இப்போது "மதி" என்ற பெயரில் குழுக்களின் பொருள்கள் வருகின்றன, வள்ளுவர் கோட்டம் அருகே அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சிகள் நடக்கின்றன. பொருள் செய்யவும், வங்கிக் கடன் வாங்கவும், கணக்கெழுதவும் பெண்கள் கற்றுக்கொண்டாயிற்று. கடை போடுவதையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், கோட்டுப் போட்ட நிபுணரைக் கூப்பிட்டுப் படம் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் தண்டையார்பேட்டைக்கு மெட்ரோ வந்துவிட்டது. காசிமேட்டிலிருந்து ஒரு அம்மாவை அதில் ஏற்றி அழைத்துப்போய், நிபுணருக்குத் தரும் மதிப்பூதியத்தையே அவருக்கும் தரலாம். ஒரே ஒரு சிக்கல், செய்முறைக்காக முன்னால் வைத்த வயர் கூடைகளை வகுப்பு முடிவதற்குள் பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் தலையிலேயே கட்டிவிடுவார். கூடவே கொசுறாக ஒரு ஜிமிக்கியையும் கொடுத்துவிடுவார். அதன் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்குப் பிரிவுதான் முடிவுசெய்ய வேண்டும்.