புயலடித்த கையோடு வட்டியா?

கேள்வி: 2023-ல் கேப்ரியல் புயல் ஓய்ந்த மறு வாரமே நியூசிலாந்து ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றியதே! வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சலாமா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. புயல் சூறையாடிய ஹாக்ஸ் பே வட்டார ஆப்பிள் தோட்டங்களில் சேறு காயுமுன்பே, பிப்ரவரி 22-ல், 4.25 சதவீதம் 4.75 ஆனது. ஆனால் இதே வங்கிதான் 2011-ல், கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கம் 185 உயிர்களைப் பலிகொண்ட மூன்றாவது வாரத்துக்குள், 3 சதவீதத்தை இரண்டரையாகக் குறைத்தது. மனசு மாறவில்லை, நிலைமைதான் வேறு. அன்று பொருளாதாரம் முன்பே சுணங்கிக் கிடந்தது. கடன் வாங்கவே ஆட்கள் தயங்கினார்கள். 2023-லோ, வட்டியை ஏற்றியபோது கையிலிருந்த கடைசிக் கணக்கில் பணவீக்கம் 7.2 சதவீதம். கூரை போட எல்லோரும் ஒரே நேரத்தில் தச்சரைத் தேடும்போது வட்டியைக் குறைத்தால் பணம் பெருகும், பலகை பெருகாது, விலைதான் ஏறும். அந்த விலையையும் வீடிழந்தவர்தானே கொடுக்க வேண்டும்?

வட்டி நாடு முழுக்கப் பெய்யும் மழை; ஹாக்ஸ் பேவுக்கென்று தனியாகப் பெய்யாது. அதனால் ஏற்றியது சரி என்பேன். ஆனால் தோட்டம் போனவரிடம் பழைய தவணையைக் கறாராகக் கேட்பது அநியாயம். அதைத் தள்ளிவைக்க வணிக வங்கிகளும், நிவாரணம் கொடுக்க அரசும் அன்றே ஓடி வர வேண்டும்.