பாஸுக்குப் பாடம்

இலங்கையில் மின்னியலாளருக்கு உரிமம் தருவது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அதற்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வேண்டும். தகைமை மட்டங்கள் 7. ஏழாவது, பட்டத்துக்குச் சமம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கரண்ட் வேலையோடு குழாய் வாஷரும் மாற்றும் கைவினைஞர் பாஸுக்குப் பட்டத்துக்குக் குறைந்த படிப்பு போதுமா என்ன?

சான்றிதழும் பாண் போலப் பழசாகும். ஆகவே தொடர்கல்வியும் வேண்டியதே. பாஸ் வருடத்தில் 2 நாள் ஏசி மண்டபத்தில் நடுங்கியபடி, கரண்ட் ஆபத்தானது என்பதைத் திரையில் பார்த்து அறியலாம். கொட்டாஞ்சேனையில் 30 வருடமாக அதை விரலால் மட்டுமே அறிந்தவருக்கு இது பெரிய முன்னேற்றம். அந்த 2 நாளும் ஒழுகும் குழாயின் கீழ் வீட்டார் வாளி மாற்றுவது செய்முறைப் பகுதி.

தலையாய பாடம், நாட்டின் தரமான 13 அம்பியர் சதுர முள் பிளக். அதன் சொக்கெட்டில் மேலே இருப்பது எர்த் ஓட்டை. நீண்ட எர்த் முள் அதற்குள் போனால்தான் கீழ் ஓட்டைகளின் மூடி திறக்கும். குழந்தை விரலுக்குக் காவல். பாடம் வீண்போகாது. வகுப்பில் இலவசமாகக் கிடைத்த போல்பொயின்ட் பேனையை எர்த் ஓட்டையில் குத்தி, வீட்டுக்காரரின் இரண்டு முள் சார்ஜரை பாஸ் பக்குவமாக உள்ளே தள்ளிவிடுவார்.