ஜோர்க்கியார்

ஜோர்க்கியார் எனப்படுபவர், உடலை ஒயிட்ஃபீல்டு கணினி அலுவலகத்திலும் உயிரைச் சோவியத் நாட்டுப் பழைய கேமரா ஒன்றிலும் வைத்து வாழும் பெங்களூர்வாசி ஆவார். அல்சூர்த் தமிழர், மல்லேசுவரம் கன்னடர், இந்திராநகரில் குடியேறிய மலையாளி என எல்லாரும் இவ்வினத்தில் உண்டு; காவிரி நீரைப் பற்றி ஒரு மேசையில் அமர்ந்து பேச முடியாதவர்கள்கூட, ஒரு லென்ஸின் பின்புறத்தைப் பார்க்கக் குனியும்போது தலையோடு தலை முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிடுகின்றனர். ‘ஜோர்க்கி’ என்பது மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1948ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட கேமரா வரிசையின் பெயர். ரஷ்ய மொழியில் அச்சொல் கூரிய பார்வையைக் குறிக்கும். அதற்கும் ஜோர்க்கியார் எடுக்கும் படங்களுக்கும் உள்ள உறவு தூரத்து உறவு.

இவரிடம் கேமராவின் விலையைக் கேட்டால் விலை கிடைக்காது, வம்சாவளி கிடைக்கும். ஆஸ்கார் பர்னாக் என்னும் ஜெர்மானியர் வடிவமைத்த லைக்கா 1925இல் லீப்சிக் சந்தைக்கு வந்ததில் தொடங்கும் அந்த வம்சாவளி, 1932இல் வெளிவந்த இரண்டாம் லைக்காவில் நின்று மூச்சு வாங்கி, 1934 முதல் கார்கிவ் நகரில் அதைப் பார்த்துச் செய்யப்பட்ட ஃபெட் கேமராவில் சூடு பிடிக்கும். கல்வியாளர் அந்தோன் மகரென்கோ வழிநடத்திய ஆதரவற்ற சிறுவர் குடியிருப்பில்தான் ஃபெட் பிறந்தது என்பதும், சோவியத் ரகசியக் காவல்துறையை நிறுவிய ஃபெலிக்ஸ் எத்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகளே அதன் பெயரானது என்பதும் உண்மை வரலாறு. ஆயினும் கேட்டவர் இடையில் புகுந்து, ‘அப்படியென்றால் இது லைக்காவின் காப்பிதானே’ என்று சொல்லிவிட்டால் ஜோர்க்கியாரின் முகம் சுண்டிப்போகும். பெங்களூரில் காப்பி என்னும் சொல்லை இழிவுப் பொருளில் எவரும் ஆளலாகாது என்பது அவர் கொள்கை.

இக்கேமராக்கள் தொலைமானி வகையைச் சேர்ந்தவை. அதாவது, எடுப்பவர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை; உடலின் மேல் உள்ள தனிச் சன்னல் வழியாகப் பார்த்து, அங்கே இரண்டாகத் தெரியும் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை லென்ஸைத் திருகித் தூரத்தைச் சரிசெய்கிறார். லென்ஸ் திரும்பும்போது அதன் பின்விளிம்பு உடலுக்குள் இருக்கும் சிறு நெம்புகோலைத் தள்ள, ஆவிபோல மங்கித் தெரியும் உருவம் மெல்ல நகர்ந்துவந்து அசல் உருவத்தோடு ஒட்டிக்கொள்கிறது. லென்ஸ் மூடியே கழற்றப்படாவிட்டாலும் சன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும் என்பது இந்த அமைப்பின் விசேஷம். இவ்வினத்தாரின் குடும்ப வரலாற்றில் பல பக்கங்கள் கருப்பாக இருப்பதற்கு அதுவே காரணம்.

அடுத்து விளக்க வேண்டியது உள்ளிழு லென்ஸ்; வியாபாரிகள் வாயில் அது ‘உள்ளே போற லென்ஸ்’. இதில் கண்ணாடிகள் ஒரு சிறு குழலுக்குள் அடங்கியிருக்கும். குழலை முழுக்க வெளியே இழுத்துச் சற்றே திருகிப் பூட்டினால் படம் எடுக்கலாம். பூட்டைத் திறந்து அழுத்தினால் ஆமைத்தலை ஓட்டுக்குள் போவதுபோல் அது கேமராவுக்குள் போய்விடும். தொடக்ககால ஜோர்க்கியோடு வந்த இண்டஸ்டார் 22 இத்தகையது: 50 மில்லிமீட்டர் குவியத்தூரம், 3.5 துளை, மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள். பௌல் ருடால்ஃப் 1902இல் வகுத்த டெஸார் அமைப்பின் வழிவந்தது அது. முன்வளையத்தில் கோவில் நிலைவாசலைச் சின்னதாக வரைந்ததுபோல் சிவப்பில் ஒரு ரஷ்ய எழுத்து இருந்தால், கண்ணாடிக்கு ஒளிப்பூச்சு உண்டு என்று பொருள். கோட்டுப் பையில் கேமரா அடங்கவேண்டும் என்பதற்காகவே அந்நாளில் லென்ஸ் உள்ளே போகும்படி செய்யப்பட்டது. ஜோர்க்கியார் கோட்டு அணிவதில்லை. அவருடைய சட்டைப் பையில் அலுவலக அடையாள அட்டைக்கு மேல் ஒன்றும் கொள்ளாது. எனவே, பைக்குள் போகவேண்டிய தேவையே இல்லாத கேமராவை, பைக்குள் போகும் வடிவத்துக்குக் கொண்டுவருவதிலேயே அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன.

லென்ஸைப் பொருத்துவதற்கு முன் பொருத்தம் பார்க்கப்படும். திருகுமரையின் விட்டம் 39 மில்லிமீட்டர், லென்ஸின் இருக்கைக்கும் ஃபிலிமுக்கும் இடைப்பட்ட தூரம் 28.8 மில்லிமீட்டர் என்ற இரண்டும் ஒத்துவந்தால் ராசிப் பொருத்தம் உண்டு என்று கொள்ளலாம். போருக்கு முந்திய ஃபெட்களில் அதுவும் உறுதியில்லை. அவற்றில் ஒவ்வொரு லென்ஸும் ஒரே ஓர் உடலுக்கென்று இழைத்துச் சேர்க்கப்பட்டதால் மறுமணம் செழிப்பதில்லை. சோவியத் லென்ஸை ஜெர்மானிய லைக்காவில் மாட்டுவதோ கலப்பு மணம். தொலைவில் இணக்கமாகத் தெரியும் தம்பதியர், தொலைமானியின் அளவீடு இரு நாடுகளிலும் சற்றே வேறுபடுவதால், அருகில் வரும்போது பிணங்குவர்.

பொருத்தும் சடங்கைக் கப்பன் பூங்காவின் மூங்கில் நிழலில் அருகிருந்து காணலாம். ஜோர்க்கியார் முதலில் லென்ஸின் தூர அளவை முடிவிலியில் நிறுத்துகிறார். உடலின் முன்மூடியைக் கழற்றி வெயிலுக்கு முதுகு காட்டி அமர்கிறார்; பழைய ரப்பர்த் துணியால் ஆன ஷட்டர் திரையின்மேல் அவருக்கு இருக்கும் அக்கறை, கைக்குழந்தையின் உச்சந்தலையின்மேல் பாட்டிக்கு இருப்பது. பின் லென்ஸைக் கேமராவின் வாயில் வைத்து, உடனே வலப்பக்கம் திருகாமல், இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுகிறார். மரை மரையில் விழும் ‘டிக்’ ஒலி கேட்டதும் கண்ணை மூடித் திறந்து, அதன்பிறகே வலப்பக்கம் திருகுகிறார். எவர்சில்வர்ச் சம்படத்தின் மூடி மரை தப்பிக் கோணலாக ஏறாமலிருக்க வீட்டில் அவருடைய தாயார் கையாளும் உத்தியும் இதுதான். தாயாரை மட்டும் இதுவரை எவரும் சுற்றி நின்று பார்த்ததில்லை.

பொருத்தியாயிற்று, உள்ளே தள்ளலாமா என்ற கேள்வியில்தான் சமயப் பிளவு தோன்றுகிறது. லைக்காவின் அச்சில் வார்த்த பழைய உடல்களில் லென்ஸ் தடையின்றி உள்ளே போகும். பிற்கால உடல்களின் உட்புற அமைப்பு மாறுபடுவதால், குழலின் பின்முனை எதிலாவது இடிக்கவோ கீறவோ கூடும் என்ற அச்சம் நிலவுகிறது. தள்ளலாம் என்போர் தென்கலை, தள்ளலாகாது என்போர் வடகலை என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுவே ரப்பர்க்கலை என ஒரு புது மார்க்கம் உண்டு: மகளின் தலைமுடி ரப்பர் வளையத்தைக் குழலில் சுற்றிவிட்டால், லென்ஸ் பாதி தூரம் போய் நின்றுவிடும். இதனால் கேமரா பைக்கும் அடங்காது, படத்துக்கும் உதவாது. நடுநிலை வகிப்போருக்கு எங்கும் நேர்வதே.

கேமராக்கள் வந்த வழியும் ஆய்வுக்குரியது. பீன்யாவில் உருவான ஆரியபட்டா செயற்கைக்கோள் 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்டது அல்லவா? சிக்கப்பேட்டை ஞாயிற்றுச் சந்தையில் சாக்கின்மேல் கிடக்கும் கேமரா ஒவ்வொன்றும் அந்தப் பணிக்குப் போய்வந்த விஞ்ஞானியின் பெட்டியில் வந்ததாகவே சொல்லப்படுகிறது. அவ்வளவையும் கூட்டினால் 360 கிலோ எடையுள்ள ஆரியபட்டாவைவிடப் பெட்டிகளின் எடை மிகுந்துவிடும். தங்கமுலாம் பூசி, லைக்கா என்று பெயர் பொறித்து, கழுகு முத்திரையும் இட்ட போலிகளும் அகப்படும். ஜோர்க்கியார் லென்ஸைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பார். நெம்புகோலின் முனையில் உருளை இருந்தால் லைக்கா, கூரிய பாதம் இருந்தால் சோவியத் சரக்கு. விற்பவர், “சார், ஒரிஜினல் ஜெர்மன் மால், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க” என்கிறார். போலி என்று தெரிந்ததும் ஜோர்க்கியாரின் கண்கள் ஒளிர்கின்றன. போலி லைக்காவுக்குள் அசல் ஜோர்க்கியைக் கண்டு மகிழ்பவர் உலகில் இவர் ஒருவரே.

வாங்கியவை மழைக்காலப் பூஞ்சைக்கு அஞ்சி, செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு அரிசி டப்பாவில் வைக்கப்படுகின்றன. அரிசி வேறிடம் பார்த்துக்கொள்கிறது.

படம் எடுத்தலும் ஆண்டில் இரண்டொரு முறை நிகழ்வதுண்டு. குடியரசு தின, சுதந்திர தின மலர்க்கண்காட்சிகளை ஒட்டி லால்பாக் கண்ணாடி மாளிகையின் முன் குடும்பம் நிறுத்தப்படுகிறது. வெளிச்சம் கணக்கிடப்பட்டு, ஷட்டர் ஏற்றப்பட்டு (ஏற்றுவதற்கு முன் வேகத்தை மாற்றினால் ஜோர்க்கியின் உள்ளுறுப்புகள் பழுதாகும் என்பது இவ்வினத்தின் முதற்கட்டளை), இரு உருவங்கள் ஒன்றாகும்வரை லென்ஸ் திருகப்படும். “ஏங்க, எவ்வளவு நேரம் பல்லைக் காட்டிட்டே நிக்கறது?” என்று மனைவி கேட்பதற்கும் ஷட்டர் விழுவதற்கும் இடையே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் முழுவதும் கடந்துபோய்விடும். முப்பத்தாறு படங்களும் இவ்வாறே எடுக்கப்பட்டு, கழுவப்பட்டு வரும்போது, முப்பத்தாறிலும் ஒரே காட்சி: மார்கழிப் பனியில் கரைந்த கண்ணாடி மாளிகையும், அதன்முன் நால்வர் நின்ற இடத்தில் மாவிளக்குபோல் உருகிய நிறத்திட்டுகளும்.

காரணம் அன்று மாமியார் கைப்பேசியில் எடுத்த ஒரே படத்தில் கிடைக்கிறது. அதில் ஜோர்க்கியார் கேமராவைக் கண்ணில் வைத்துக் குனிந்து நிற்கிறார். மகள் அதை இரு விரலால் பெரிதாக்கி, “அப்பா, லென்ஸ் உள்ளேயே இருக்கு” என்கிறாள். ஜோர்க்கியார் கைப்பேசியை வாங்கி, இன்னும் பெரிதாக்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறார். குழல் உடலோடு உடலாக, நூலிழை இடைவெளியும் இல்லாமல் அடங்கியிருக்கிறது. ரப்பர் வளையம் இல்லை. முப்பத்தாறு முறை விழுந்தும் ஷட்டருக்கு ஒரு கீறலும் இல்லை.

“பாத்தியா, முழுசா உள்ளே போகுது. ஒண்ணும் இடிக்கல” என்கிறார் அவர், வடகலையார் இருவருக்கு அந்தப் படத்தை அனுப்பியபடி.