இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்

எங்கே காரில் கிளம்பினாலும் "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்று சொல்லும் ஆண்கள் நம் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். திண்டிவனம் போனாலும் சொல்வார்கள், திருவண்ணாமலை போனாலும் சொல்வார்கள். என் அண்ணன் ஜூன் மாத ஐஸ்லாந்தில் சொன்னார். ஜூனில் அந்த ஊர் இருட்டுவதே இல்லை. நடுராத்திரியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். ஆனாலும் மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டால் அந்த வாக்கியம் அவர் வாயில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் பின் சீட்டில், ரைஸ் குக்கருக்கும் பருப்புப்பொடி டப்பாவுக்கும் நடுவில். "உங்க அண்ணனோட எட்டு நாள் தனியா காருக்குள்ள என்னால முடியாதுப்பா, நீயும் வா" என்று அண்ணி கூப்பிட்டதால் போனேன்.

இந்த வகை மனிதர்கள் ஊரைப் பார்க்கப் போவதில்லை. தாங்கள் போட்ட எக்ஸெல் ஷீட் சரியா என்று பார்க்கப் போகிறார்கள். தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் நம்பர் சாலை மொத்தம் 1,322 கிலோமீட்டர். தெற்கே காட்டாற்று மணல்வெளியில் பாலங்கள் கட்டி, வட்டம் முழுசாகச் சேர்ந்தது 1974-ல்தான். இதை அண்ணன் எங்களுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டார். எட்டால் வகுத்து ஒரு நாளைக்கு 165.25 என்று போட்டிருந்தார். அந்தக் கால் கிலோமீட்டரையும் விடவில்லை.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அதைச் சமாளித்துவிட்டார். கைப்பழக்கத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. நம்மூரில் அவர் ஓட்டும் காரில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் பளீரென்ற வெயிலில் வைப்பர் ஆடியது. ஒரு வண்டிதான் போக முடியும் என்கிற குறுகல் பாலங்கள் வேறு அடிக்கடி வரும். பாலத்துக்கு யார் கிட்டே இருக்கிறார்களோ அவர்கள் முதலில் போகலாம் என்பது அங்கே வழக்கம். அண்ணன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு லாரி தெரிந்தாலும் நிறுத்திவிடுவார். லாரிக்காரனும் மரியாதைக்கு நிறுத்துவான். நடுவில் பாலம் காலியாகக் கிடக்கும். செம்மறி ஆடு ஒன்று நிதானமாகக் கடந்து போனதை நான் பார்த்தேன்.

காற்று இன்னொரு கதை. கதவைத் திறந்த கையோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். காற்றில் பிய்ந்த கதவுக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது. இதைப் படித்துவிட்டு வந்த அண்ணன், ஒவ்வொரு இடத்திலும் தான் முதலில் இறங்கி, ஓடிப்போய் அண்ணி பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்துவிட்டார். மற்ற டூரிஸ்டுகள் புன்னகையோடு பார்த்தார்கள்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை" என்றார் அண்ணி என்னிடம். "கதவு மேல எவ்வளவு பாசம் பாரு!"

தங்கிய இடமெல்லாம் கெஸ்ட் ஹவுஸ்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், சமையலறை பொது. அண்ணிக்கு அந்த நாடு அங்கேயே பிடித்துப்போனது. ஸ்கீர் என்று அவர்கள் டப்பாவில் விற்கும் கெட்டித் தயிரை ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தார், புளிப்புப் போதாது என்று முகம் சுளித்தார், அன்று ராத்திரியே அதில் சோற்றைப் பிசைந்துவிட்டார். அண்ணன் ஷீட்டில் 'இரவு உணவு: உள்ளூர் மீன் சூப்' என்று இருந்தது. அதைக் கலர் மாற்றி 'தயிர்சாதம்' என்று திருத்தினார்.

வடக்கே மீவாத்ன் ஏரிப் பக்கம் தங்கிய அன்றுதான் தகராறு. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். செப்டிக் டாங்க் உடைந்துவிட்டதாக முடிவு கட்டி, ஒற்றை நட்சத்திர ரிவ்யூவை மனசுக்குள் எழுதிக்கொண்டே அண்ணன் வீட்டுக்கார அம்மாவிடம் போனார். பூமிக்குள்ளிருந்து வரும் சூடு, கந்தக வாசனை அப்படித்தான் இருக்கும், பச்சைத் தண்ணீரில் வாசனை இராது, அதைக் குடியுங்கள் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். திரும்பி வந்தால் அண்ணி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். குளித்துவிட்டு வந்ததில் வெள்ளி மெட்டி இரண்டும் கறுத்துப்போயிருந்தன.

அண்ணி அசரவில்லை. அண்ணன் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒரு துணியில் விபூதியைத் தொட்டுத் தொட்டு மெட்டியைத் தேய்க்க, சாம்பல் நிறம் போய் முதலில் ஓரம் மினுங்கியது, பிறகு நடுவிலிருந்த பூ வேலைப்பாடு. வீட்டுக்கார அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். 2010-ல் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவின் விமானங்களையெல்லாம் நாள்கணக்கில் நிறுத்திவைத்த நாடு. சாம்பலைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததில்லை.

ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உரசிப் பார்த்தார்.

"ரொம்ப நைசாக இருக்கிறதே, எந்த எரிமலை?"

"திருவண்ணாமலை" என்றார் அண்ணி.

அந்த அம்மா மரியாதையோடு தலையாட்டி, எழுத்துக்கூட்டச் சொல்லி ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். மணி ராத்திரி பத்தரை. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பேசினது போதும், போய்ப் படுங்க. நாளைக்குச் சீக்கிரம் கிளம்பினாத்தான் இருட்டறதுக்குள்ள…"